தரம் 4: கொழுந்திலிருந்து கோப்பை வரை செயற்பாடும் ஒருநாள் சுற்றுலாவும், எப்படி அமைக்கலாம்?

பனிப்புல்:

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 4, மொத்தம் 31 பிள்ளைகள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் வரும் பயிர், காலநிலை, தொழில் ஆகியவற்றைக் கோத்து, தேயிலையை நடுவில் வைத்து ஐந்து வாரத் திட்டம் ஒன்று போட்டிருக்கிறேன். பிள்ளைகளின் வீட்டில் யாரோ ஒருவர் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்தான். ஆனாலும் கொழுந்து ஸ்டோருக்குள் (தேயிலைத் தொழிற்சாலைக்குள்) போன பிறகு என்ன ஆகிறது என்று கேட்டால், "அரைப்பாங்க" என்பதோடு பதில் நின்றுவிடுகிறது.

யோசித்திருப்பவை மூன்று. வகுப்பிலேயே பிள்ளைகள் கொழுந்தைத் தூளாக்கிப் பார்ப்பது. பழைய போத்தலில் மழைமானி செய்து தினமும் அளப்பது. கடைசியில் ஒருநாள் கல்விச் சுற்றுலா: காலையில் தேயிலைத் தொழிற்சாலை, பிறகு நுவரெலியாவில் விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி, ஹக்கல தாவரவியல் பூங்கா, திரும்பும் வழியில் சென் கிளயர் நீர்வீழ்ச்சி.

கொழுந்தை எந்த அளவில் எடுத்து எப்படிச் செய்தால் ஒரே நாளில் முடியும்? மழைமானியில் வரும் அளவுகள் நம்பக்கூடியவையா? சுற்றுலாவில் இத்தனை இடமும் ஒரே நாளில் ஆகுமா? கையில் இருப்பது 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, ஒற்றை காஸ் அடுப்பு ஒன்று.

---

கவ்வாத்துக்கத்தி:

டீச்சர், கொழுந்து வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அரைக்கிலோ போதும். 31 பேரையும் ஐந்து குழுவாக்கிக் குழுவுக்கு 100 கிராம் கொடுங்கள். 100 என்று வைத்தால் தரம் 4 பிள்ளைக்குக் கழித்தல் கணக்கு சுலபம், தசமதானம் வேண்டாம். நிறுத்தவுடன் 100 கிராமில் எத்தனை கொழுந்து இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு கிலோவுக்கு அம்மாவின் கை எத்தனை தரம் போய்வருகிறது என்பதை அந்த எண்ணே காட்டிவிடும்.

ரெண்டு இலை ஒரு மொட்டு மட்டும்தான் வேண்டும். முற்றிய இலை கலந்தால் உருட்டும்போது சுருளாது, தட்டையாகக் கிழியும். மருந்தடித்த நம்பரில் (மலையின் இலக்கமிட்ட பகுதியில்) எடுத்ததா என்று வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்டே ஆக வேண்டும். சந்தேகம் இருந்தால் நிறம் பார்ப்பதோடு நிறுத்துங்கள், குடிக்கக் கொடுக்காதீர்கள். மழையில் நனைந்த கொழுந்தானால் மேலே ஒட்டிய தண்ணீரும் எடையில் சேரும். துணியில் பரப்பி ஒற்றிய பிறகே நிறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசிக் கணக்கு உதைக்கும்.

முதல் நாள் மதியம் வாடப் போடுங்கள். வெள்ளைத் துணியை இரண்டு மேசைக்கு நடுவே தொட்டில் மாதிரிக் கட்டி, அதன் மேல் ஓர் இலைக் கனத்துக்குப் பரப்பினால் கீழேயும் காற்று போகும். பத்திரிகைத் தாளில் போட்டால் மை ஒட்டும். தொழிற்சாலையில் தொட்டியின் அடியிலிருந்து விசிறி காற்றை அனுப்பியே 12 முதல் 18 மணிநேரம் எடுக்கிறது. விசிறி இல்லாத வகுப்பறையில், மப்பும் பனியுமான நாளில், ஒரு ராத்திரி போதாமல் போகலாம். அதனால் மழை விட்ட வாரத்தில் வையுங்கள். பதம் பார்க்கும் வழி பிள்ளைகளுக்குப் பிடிக்கும்: காம்பை மடித்தால் "டக்" என்று ஒடிந்தால் பச்சை, ஒடியாமல் வளைந்தால் பதம். பிடித்துக் கசக்கிக் கையை விரித்தால் உருண்டை கலையாமல் நிற்க வேண்டும். இப்போது தராசில் 65 முதல் 70 கிராம் இருக்கும்.

மறுநாள் காலை 8 மணிக்கு உருட்டல். கழுவிய கை, காய்ந்த சுளகு. உள்ளங்கையால் அழுத்திக் கொண்டே வட்டமாக, 20 நிமிடம். ஒரு பிள்ளைக்கு 3 நிமிடத்துக்கு மேல் கை வலிக்கும், மாற்றிவிடுங்கள். சாறு கசிந்து கை பிசுபிசுக்க வேண்டும். அந்தச் சாறு வெள்ளை யூனிபோமில் பட்டால் கறை போகாது. பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுவரச் சொல்லி முதல் நாளே வீட்டுக்கு அறிவியுங்கள்.

இனித்தான் கண்ணுக்கு விருந்து. உருட்டியதை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, இலையில் தொடாதபடி மேலே ஈரத்துணி விரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பச்சை மெல்ல மங்கி, ஓரம் பழுத்து, தேய்ந்த செம்புக் காசின் நிறத்துக்கு வரும். புல் வாசம் போய்ப் பழ வாசம் ஏறும். ஐந்து குழுவும் ஒரே நேரம் வைக்காதீர்கள். முதல் குழு உடனே அடுப்புக்கு, அடுத்தது அரை மணிநேரம் கழித்து, பிறகு 1 மணி, 2 மணி, 3 மணி. ஒற்றை அடுப்பு என்ற சிக்கலும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது: 8.30, 9.00, 9.30, 10.30, 11.30 என்று வரிசையாகச் சட்டிக்கு வரும்.

அடி தடித்த சட்டி, சின்னத் தீ, மரக்கரண்டி, 25 நிமிடம் கை நிறுத்தாமல் கிளறல். இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். சோக்கால் தரையில் ஒன்றரை மீற்றர் தள்ளிக் கோடு போடுங்கள், பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே. தீ கூடினால் வெளியே கருகி உள்ளே ஈரம் நின்றுவிடும், இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். நுள்ளினால் பொடியாக உடைய வேண்டும்.

கடைசி எடை 20 முதல் 22 கிராமுக்குள் வந்தால் வேலை சரி. 30 என்றால் இன்னும் காயவில்லை. 18 என்றால் சுளகிலும் கையிலும் போனது அதிகம், அல்லது நிறுக்கும்போது கொழுந்து ஈரம். ஸ்டோரிலும் கணக்கு இதுதான், நாலரை முதல் ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். கோப்பைக்கு 2 கிராம், கொதிநீர் 100 மில்லிலீட்டர், 5 நிமிடம். ஐந்து கோப்பையையும் வெள்ளைத் தாளின் மேல் வரிசையாக வைத்தால் நிறம் தானே பேசும்.

---

தகரக்கூரை:

மேலே சொன்னது நல்ல ஒழுங்கு. இரண்டு திருத்தம் மட்டும். "உடனே அடுப்புக்கு" என்று போகும் குழுவைப் பச்சைத்தேயிலை என்று கொப்பியில் எழுத வைக்காதீர்கள். உருட்டிய 20 நிமிடத்திலேயே நிறமாற்றம் தொடங்கிவிட்டது. பச்சைத்தேயிலை வேண்டுமென்றால் உருட்டுவதற்கு முன்னமே ஒரு நிமிடம் ஆவியில் காட்ட வேண்டும், அப்போதுதான் இலையிலுள்ள, நிறத்தை மாற்றும் நொதியம் செயலிழக்கும். ஆறாவதாக ஒரு பிடி இப்படிச் செய்தால் ஒப்பீடு முழுமையாகும்.

அடுத்தது சொல். ஸ்டோரில் பெர்மென்டிங் என்பார்கள், அதைக் கேட்டு நாமும் புளிக்கவைத்தல் என்கிறோம். தோசை மா புளிப்பது நுண்ணுயிரால். இங்கே நடப்பது இலை நசுங்கிச் சாறு காற்றுப் படுவதால் வரும் ஒட்சியேற்றம். நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதும் இதே வகைதான். அன்று ஒரு கத்தரிக்காயைப் பக்கத்தில் நறுக்கி வைத்துவிடுங்கள், விளக்கம் தேவையே இல்லை.

---

மழைக்கணக்கு:

மழைமானி அளவுகளை நம்பலாம், நாலு விஷயம் சரியாக இருந்தால்.

ஒன்றரை லீட்டர் போத்தலில் பக்கம் நேராக உள்ளதை மட்டும் எடுங்கள். நடுவில் இடுப்பு ஒடுங்கியது, கோடு கோடாக மடிப்புள்ளது ஆகாது, மடிப்புக்கு மடிப்பு விட்டம் மாறும். மேல் பகுதியை, சரிவு முடிந்து நேராகும் இடத்தில் வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்து அதே போத்தலில் புனலாக வைத்து, வெட்டிய விளிம்பை டேப்பால் ஒட்டுங்கள். வாயின் அகலமும் உடலின் அகலமும் ஒன்றாக இருந்தால்தான் அடிமட்டத்தில் (அளவுகோலில்) தெரியும் 1 மில்லிமீற்றர் உண்மையான 1 மில்லிமீற்றர் மழை. வேறு பெரிய புனலைச் செருகினால் மழை இரட்டிப்பாகக் காட்டும். பல வகுப்புகளில் நடக்கும் தவறு இதுதான்.

போத்தலின் அடி பூவிதழ் மாதிரி மேடு பள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டுப் பாரம் ஏற்றி, மேடு மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூச்சியக் கோடு போட வேண்டும். வெயில் நாளில் அந்தத் தண்ணீர் வற்றும். ஒவ்வொரு வாசிப்புக்குப் பிறகும் கோடு வரை சரிசெய்யாவிட்டால் மறுநாள் மழை குறைத்துக் காட்டும்.

சாரல் மழை நாளில் அடிமட்டம் உதவாது. மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மில்லிலீட்டர் சிரிஞ்சு ஒன்று, ஊசி இல்லாமல், வாங்கிக்கொள்ளுங்கள். போத்தலின் விட்டம் 8.5 சென்றிமீற்றர் என்றால் 1 மில்லிமீற்றர் மழை ஏறத்தாழ 5.7 மில்லிலீட்டர் தண்ணீர். நூலைச் சுற்றி அளந்து சுற்றளவு 26.7 வந்தால் விட்டம் 8.5 தான். பூச்சியக் கோட்டுக்கு மேலுள்ளதை உறிஞ்சி அளந்தால் அரை மில்லிமீற்றர்கூடப் பிடிபடும்.

வைக்கும் இடம் திறந்த வெளி. கூரையோ மரமோ நின்றால் அதன் உயரத்தின் இரண்டு மடங்கு தூரம் தள்ளி, நிலத்திலிருந்து 30 சென்றிமீற்றர் உயரத்தில். தரையோடு வைத்தால் மண்ணில் விழுந்த துளி தெறித்து உள்ளே போகும். வாசிப்பு காலை 8.30க்கு. வானிலை அவதான நிலையமும் 24 மணிநேர மழையை 8.30 முதல் 8.30 வரை கணக்கிடுவதால், செய்தியில் வரும் அளவோடு பிள்ளைகள் ஒப்பிடலாம். திங்கட்கிழமை வாசிப்பு மூன்று நாள் மழை. அதை ஒரு நாளின் தூணாக வரைபடத்தில் போடவிடாதீர்கள். மூன்று நாளுக்கும் சேர்த்து அகலமாக ஒரு கட்டம் வரைந்து வேறு நிறம் தீட்டட்டும்.

இந்த அளவை மலையகத்தில் வெறும் வரைபடத்தோடு விட்டுவிடக் கூடாது டீச்சர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பார்க்கும் எண்கள் 24 மணிநேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர். 75இல் விழிப்பு, 100இல் வெளியேறத் தயார், 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணிநேரத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நாடாவைப் போத்தலில் அந்த உயரங்களில் ஒட்டுங்கள். போத்தலின் நேர்ப்பகுதி 15 சென்றிமீற்றர்தான் என்றால் சிவப்பு நாடாவோடு அது நிரம்பி வழியும், அதையும் சொல்லிவிடுங்கள். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் மண்மேடு உள்ள பிள்ளைகளுக்கு இது பரீட்சைக் கேள்வியைவிட முக்கியம். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றைக் கண்டால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. நாடாவுக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.

---

நெடும்பாதை:

சுற்றுலாத் திட்டத்தைப் பாதியாக்குங்கள். ஐந்து இடம் என்றால் ஐந்து தரம் 31 பிள்ளைகள் இறங்கி ஏற வேண்டும். ஒரு தரத்துக்கு எண்ணிக்கையும் சேர்த்து 15 நிமிடம், அதிலேயே ஒன்றேகால் மணிநேரம் போகிறது. இரண்டு மலசலகூடம் உள்ள இடத்தில் வரிசை முடிய அரை மணிநேரம். ஹட்டனிலிருந்து ஹக்கல போக இரண்டு மணிநேரத்துக்குக் குறையாது, திரும்ப அதே அளவு. மிஞ்சுவது ஒவ்வோர் இடத்திலும் ஐஸ்கிரீம் வாங்கும் நேரம்தான்.

இரண்டு தனிப் பயணமாக்கினால் நல்லது. தொழிற்சாலை நடந்து போகும் தூரத்தில் இருப்பதாகத் தேர்ந்தெடுங்கள், உங்கள் தோட்டத்தினதோ பக்கத்துத் தோட்டத்தினதோ. திங்கட்கிழமை வேண்டாம். ஞாயிறு கொழுந்து எடுக்காததால் திங்கள் காலை உருட்டும் அறை நின்றிருக்கும் தொழிற்சாலை பல. பிற்பகலிலும் போகாதீர்கள். இரவு வாடிய கொழுந்தை விடியற்காலையில் உருட்டத் தொடங்கி முற்பகலில் முடித்துவிடுவார்கள், மதியத்துக்குப் பிறகு கழுவிய தரையைத்தான் பார்க்கலாம். செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலை 8 மணி பொருத்தம். வரட்சி மாதத்தில் கொழுந்து குறைந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டுவதும் உண்டு. முதல் நாள் மாலை டீ மேக்கரிடம் (தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பானவரிடம்) ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

உள்ளே பத்துப் பத்துப் பேராக. சத்தத்தில் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது, ஆகவே விளக்கத்தை வெளியிலேயே சொல்லி முடித்து, உள்ளே கையால் காட்டுவது மட்டும். கூந்தல் கட்டியிருக்க வேண்டும், சால்வை, தொங்கும் பட்டி, ரப்பர் செருப்பு கூடாது. உருட்டும் இயந்திரம் மெதுவாகச் சுற்றுவது போலத்தான் தெரியும், பிள்ளைக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரித் தோன்றும். மேல்தளத்துப் படி செங்குத்து, இறங்கும்போது ஒரு பெரியவர் கீழே நிற்கட்டும். வகுப்பில் செய்த தூளைச் சின்னப் பக்கற்றில் எடுத்துப் போங்கள். தரம் பிரிக்கும் இடத்தில் பீ.ஓ.பீ., டஸ்ட் என்று தரம் தரமாகக் கொட்டிக் கிடக்கும் தூளோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

ஹக்கலவுக்குத் தனியாக ஒரு நாள், பெப்ரவரி அல்லது மார்ச் முற்பகுதி. காலை 6.30க்குக் கிளம்பினால் 9 மணிக்கு உள்ளே நிற்கலாம். மார்ச் கடைசியில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும், வெளிச்சத்திலேயே வீடு திரும்ப வேண்டும். 1861இல் இந்தப் பூங்காவைத் தொடங்கியது சிங்கோனா மரம் வளர்த்துப் பார்க்க. அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலுக்கான குவினைன். காய்ச்சல் மருந்துக்காகப் பிறந்த தோட்டம் என்று சொன்னால் பிள்ளை மறக்காது. செடிப் பெயர்களைப் பார்த்து எழுத வைப்பதை விடுங்கள். மரப்பன்னத்தின் (மரம் போல உயரும் பன்னத்தின்) இலையைத் திருப்பிக் கபில நிறப் பொட்டுகளைப் பார்க்கட்டும், விதை இல்லாத செடி எப்படிப் பெருகும் என்ற கேள்வி அங்கேயே பிறக்கும். உதிர்ந்த இலையின் மேல் தாளை வைத்துக் கிரெயோனைப் படுக்கையாகத் தேய்த்தால் நரம்பு எழும்பி வரும். மரத்தின் சுற்றளவை நூலால், எல்லா மரத்துக்கும் ஒரே உயரத்தில். இந்த மூன்றும் போதும், ஒன்றரை மணிநேரம் போய்விடும்.

ஒரு வெப்பமானி எடுத்துப் போங்கள். ஹட்டன் நகரம் சுமார் 1,270 மீற்றர், ஹக்கல சுமார் 1,700. 100 மீற்றருக்கு ஏறத்தாழ 0.65 பாகை குறையும் என்பதால் 3 பாகைக்குக் கிட்ட வித்தியாசம் வர வேண்டும். ஆனால் காலை 6 மணிக்கு ஹட்டனிலும் 11 மணிக்கு ஹக்கலவிலும் அளந்தால், உயரே போனால் சூடு என்று விடை தலைகீழாக வரும். பாடசாலையில் இருக்கும் இன்னொரு வகுப்பு அதே 11 மணிக்கு அளந்து தொலைபேசியில் சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் நிழலில், 5 நிமிடம், குமிழைக் கையால் பிடிக்காமல்.

குரங்கு சாப்பாட்டுப் பைக்குத்தான் வரும். பூங்காவுக்குள் பொதியைப் பிரிக்காமல் பஸ்ஸிலேயே சாப்பிடுங்கள். சென் கிளயருக்கு வளைவில் இறக்க வேண்டாம், ஓடும் பஸ்ஸிலிருந்து காட்டலாம். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையும் பாதையிலிருந்தே தெரியும்.

---

பனிப்புல்:

மிக்க நன்றி. திட்டத்தை இரண்டாக்கிவிடுகிறேன். இன்னும் மூன்று சந்தேகம். இரண்டு பிள்ளைகளுக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறது. கொழுந்தைப் பிள்ளைகளே மலையில் போய்க் கிள்ளலாமா? காசு சேர்ப்பதிலும் துணைக்குப் பெற்றோரை அழைப்பதிலும் என்ன ஒழுங்கு நல்லது?

---

நெடும்பாதை:

இழுப்பு உள்ள பிள்ளைகளைச் சலிக்கும், தரம் பிரிக்கும் அறைக்குள் விடாதீர்கள், தூசு அங்கேதான் அதிகம். வாட்டும் தளமும் உருட்டும் அறையும் பிரச்சினை இல்லை. இன்ஹேலரை ஆசிரியை கையில் வைத்திருங்கள், பையில் அல்ல. 1990 அம்புலன்ஸ் இலக்கமும் பஸ் சாரதிக்குத் தெரிந்திருக்கட்டும்.

காசைச் சம்பள நாளுக்குப் பிறகு கேளுங்கள், 10ஆம் திகதி தாண்டி. அனுமதிக் கடிதம் அதற்கு இரண்டு வாரம் முந்திப் போய்விட வேண்டும், வலயக் கல்விப் பணிமனைக்கான விண்ணப்பம் அதற்கும் முந்தி, அதிபர் ஊடாக. பஸ் கூலியை 31ஆல் பிரிக்காதீர்கள். கொடுக்க முடியாத பிள்ளைகள் நாலைந்து பேர் இருப்பார்கள் என்று வைத்து, 26ஆல் பிரித்துத் தொகை சொன்னால் ஒருவரும் வகுப்பில் தலைகுனிய வேண்டியதில்லை. காசை வகுப்பு முன்னிலையில் வாங்கவே வேண்டாம்.

துணைக்கு ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், ஐந்தாறு பேர் வேண்டும். வேலைக்குப் போகிற அம்மாவை அழைத்தால் அவருக்கு ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போய்விடும். வேலையிலிருந்து நின்ற பாட்டிமாரை அழையுங்கள். தொழிற்சாலை வாசலில் கொழுந்து நிறுப்பதைப் பற்றி அவர்கள் சொல்வதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. பிள்ளைகளுக்கு 1 முதல் 31 வரை இலக்கம் கொடுத்து, பஸ் நகரும் முன் ஒவ்வொரு தடவையும் அவர்களே வரிசையாகச் சொல்லட்டும். தலை எண்ணினால் பிழைக்கும். சட்டைப்பையில் பாடசாலைத் தொலைபேசி எழுதிய அட்டை, வெளியே தெரியும்படி பெயர் வேண்டாம்.

வாந்தி வருகிற பிள்ளைகள் முன் இருக்கையில், யன்னல் பக்கம். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. கிளம்ப ஒரு மணிநேரம் முந்தி ரொட்டியோ பாணோ ஒரு துண்டு. பால் வேண்டாம். ஓடும் பஸ்ஸில் செயற்பாட்டுத் தாளை நிரப்ப விடாதீர்கள், தலைகுனிந்து எழுதினால்தான் குமட்டும். ஆளுக்கு இரண்டு சொப்பிங் பேக்.

---

கவ்வாத்துக்கத்தி:

மலைக்குள் பிள்ளைகளை இறக்க வேண்டாம் டீச்சர். குளவிதான் முதல் காரணம். மரக்கிளையிலோ பாறை இடுக்கிலோ கூடு இருந்து, காற்றில் கிளை ஆடினாலே கலையும், 31 பேர் சத்தத்துக்குச் சொல்லவே வேண்டாம். அட்டை வேறு. பாடசாலை வேலியோரம் நாலு தேயிலைச் செடி நின்றால் அதில் ஆளுக்கு மூன்று கொழுந்து கிள்ளிப் பழகட்டும், நகம் படாமல் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒடிக்க வேண்டும். அந்தச் செடிகளையும் மரங்களையும் முதல் நாள் ஒரு பெரியவர் பார்த்துவிட வேண்டும்.

மீதி அரைக்கிலோவை மதிய நிறுவையில் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தோடு கேட்டு வாங்குங்கள். பெற்றோர் கூடையிலிருந்து சும்மா எடுத்துவரச் சொன்னால் அது அவர்களின் கிலோவில் குறையும். வாங்கியதைப் பொலித்தீன் பையில் திணிக்காதீர்கள், அரை மணியில் சூடேறிச் சிவந்துவிடும். தளர்வாகச் சாக்கிலோ கூடையிலோ கொண்டுவந்து, வந்தவுடன் பரப்புங்கள்.